மனிதன் ‘குறையுள்ள உயிர்’ என்றால் என்ன? கெஹ்லன், பிளெஸ்னர் – ஒரு சந்தேகம்

கேள்வி – மார்த்தாண்டம் வாசகர்
அடுத்த மாதம் வாசிப்பு வட்டத்தில் மெய்யியல் மானிடவியல் (மனிதன் எத்தகைய உயிர் என்று கேட்கும் தத்துவத் துறை) பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும். ஜெர்மன் தத்துவவாதி ஆர்னால்ட் கெஹ்லன் மனிதனைக் ‘குறையுள்ள உயிர்’ என்கிறார்: கூரிய நகமில்லை, உடம்பை மூடும் ரோமமில்லை, பிறந்த பிள்ளைக்கு நிற்கவும் வராது. இன்னொரு ஜெர்மன் தத்துவவாதி ஹெல்முத் பிளெஸ்னர் ‘மையம் விலகிய நிலை’ என்கிறார். இரண்டும் ஒன்றுதானே? நம்மூர் உதாரணம் கிடைத்தால் நல்லது.

பதில் – தோவாளை வாசகர்
ஒன்றல்ல தம்பி. பனையேறியைப் பாருங்கள். குரங்குபோல மரத்தைப் பற்றும் கால் நமக்கில்லை. காலில் தளைநார் (நார் வளையம்) மாட்டி ஏறுகிறோம். உடம்பில் இல்லாததைச் செயலால் ஈடுகட்டுவது. இதுவரைதான் எல்லோரும் கெஹ்லனைப் படிக்கிறார்கள். அவருடைய முக்கியமான சொல் ‘சுமையிறக்கம்’. ஏறிப் பழகிய காலுக்கு அடுத்த பிடி எங்கே என்று யோசிக்க வேண்டியதில்லை. கவனம் முழுக்கப் பாளைக்குப் போகிறது: எவ்வளவு மெல்லிசாகச் சீவுவது, கலயத்தில் சுண்ணாம்பு போதுமா (குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும்). பழக்கம் கீழ்வேலையைத் தாங்கிக்கொள்வதால் மனம் மேல்வேலைக்குக் கிடைக்கிறது. குடும்பமும் சட்டமும் சடங்கும் இதையே ஊர் அளவில் செய்கின்றன என்பது அவர் வாதம். ‘குறை’ 1772இல் ஜெர்மன் சிந்தனையாளர் ஹெர்டர் சொன்னதுதான். அதை மட்டும் பேசினால் கெஹ்லன் பாதிதான் வருவார்.

பதில் – குளச்சல் கரை வாசகர்
பிளெஸ்னர் 1928லேயே எழுதிவிட்டார், கெஹ்லனின் பெரிய நூல் 1940. பிளெஸ்னர் குறையிலிருந்து தொடங்குவதே இல்லை. செடிக்கு மையம், அதாவது உடலை ஒருங்கே நடத்தும் இடம், இல்லை. விலங்கு தன் மையத்திலிருந்து வாழ்கிறது, அந்த மையம் அதற்குத் தெரியாது. மனிதன் மையத்தில் இருந்துகொண்டே வெளியிலிருந்தும் தன்னைப் பார்க்கிறான். அதே பனையேறி உச்சியில் நின்று, தான் இல்லாத நாளில் வீடு என்னாகும் என்று நினைக்க முடிகிறதே, அதுதான்.

இதைச் சாங்கியத் தத்துவத்தின் சாட்சியோடு (வெறுமே பார்த்திருக்கும் ‘புருஷன்’ என்ற ஆன்மா) சேர்த்துவிடாதீர்கள். புருஷன் உடலிலிருந்து வேறானவன்; பிளெஸ்னரின் விலகல் உடலை விட்டு வெளியேறுவதில்லை. 1941இல் சிரிப்பையும் அழுகையையும் பற்றி எழுதியது இதற்காகத்தான்: தகுந்த பதில் இல்லாமல் ஆள் பிடிவிடும்போது, உடல் அவனுக்காகப் பதில் சொல்லிவிடுகிறது. சாமித்தோப்பு அய்யாவழிப் பதியில் கண்ணாடி முன் நின்று கும்பிடுவதையும் சொல்லத் தோன்றும். பேச்சின் தொடக்கத்துக்கு நல்லது, சமமென்று மட்டும் சொல்லாதீர்கள். அங்கே தனக்குள் இருக்கும் இறையைக் காண்கிறார்கள். பிளெஸ்னர் சொல்லும் மனிதனுக்கோ கால் ஊன்ற நிலையான இடமே இல்லை.

பதில் – மலையோர வாசகர்
பிள்ளை நிற்காததைக் குறையென்று எழுதியிருக்கிறீர்கள். சுவிஸ் விலங்கியலாளர் அடோல்ஃப் போர்ட்மான் கணக்கு வேறு: மற்றப் பாலூட்டிகளின் முதிர்ச்சியோடு பிறக்க நமக்கு ஏறக்குறைய 21 மாதக் கருக்காலம் வேண்டும். அந்த மிச்ச ஓராண்டைப் பிள்ளை தாய்மடியில், பேச்சுக்கும் முகங்களுக்கும் நடுவில் கழிக்கிறது. நிற்பதும் பேசுவதும் அங்கேதான் உருவாகின்றன.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்லுங்கள். 1933இல் கெஹ்லன் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். அதே ஆண்டு, தந்தை யூத வழியினர் என்பதால் பிளெஸ்னர் கொலோன் பல்கலைக்கழக வேலையை இழந்து, பின்னர் நெதர்லாந்தின் குரோனிங்கனுக்குப் போனார். ‘மனிதன் குறையுள்ளவன், ஆகவே உறுதியான நிறுவனங்கள் அவனைத் தாங்க வேண்டும்’ என்று போகும் கெஹ்லன் வாதத்தில் அந்த ‘ஆகவே’ எங்கே நழுவுகிறது என்று பாருங்கள். தாங்குவது வேறு, ஆள்வது வேறு. உங்கள் அரை மணி நேரத்தில் பத்து நிமிடமாவது இதற்கு ஒதுக்குங்கள்.