டிரகுனோவ் 1300 மீட்டர் அடிக்குமா?

கணபதி பட்டறைக்காரன்:
நேற்று கோபி ஹவில்தார் அண்ணன் எழுதியது: "கமாண்டோ கையில் இருப்பதெல்லாம் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் இழுத்துச் சுடுகிற ஸ்னைப்பர்தான். டி.எம்.ஆர் (விசையை அழுத்த அழுத்தச் சுடும் குறிபார்த் துப்பாக்கி) சாதாரண சிப்பாய்க்கு. அந்த ரஷ்ய டிரகுனோவ் துப்பாக்கியே 1300 மீட்டர் அடிக்கும்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அமெரிக்காவின் சீல் படை ஆப்கானிஸ்தானில் தூக்கித் திரிந்த எம்.கே. 12 துப்பாக்கி என்னவாம்? 5.56 குண்டு, 18 அங்குலக் குழல், விசையை அழுத்த அழுத்தச் சுடும். சிறப்புப் படைக்கென்றே செய்தது. எம்.கே. 11-ம் அப்படித்தான், அது 7.62. சரி, அதைக்கூட விட்டுவிடுகிறேன். 1300 எங்கிருந்து வந்தது?

கோபி ஹவில்தார்:
ஸ்கோப்பிலேயே இருக்குதுங்க தம்பி. பி.எஸ்.ஓ-1 என்கிற அதன் ஸ்கோப்புக்குள் பெரிய கூர்க்குறிக்குக் கீழே இன்னும் மூன்று குறி. தூரம் வைக்கும் டிரம்மை 1000-ல் வைத்து அவற்றைப் பிடித்தால் 1100, 1200, 1300. காஷ்மீர் குப்வாராவில் இரண்டு குளிர்காலம் அதைச் சுமந்தவன் நான். நீங்கள் லேத்தில் புஷ் கடைந்துகொண்டே பேசுகிறீர்கள்.

கணபதி பட்டறைக்காரன்:
புஷ் கடைகிறவனுக்குத்தான் அளவின் அருமை தெரியும். அதே ஸ்கோப்பில் இடது பக்கம் கீழே ஒரு வளைகோடு இருக்கிறதே அண்ணா, 1.7 மீட்டர் ஆளை அதற்குள் நிறுத்தித் தூரம் பார்ப்பது. அது 1000-லேயே முடிந்துவிடுகிறது! பெருக்கம் வெறும் நான்கு மடங்கு. 1300-ல் நிற்கிற ஆள், வெறுங்கண்ணுக்கு 325 மீட்டரில் நிற்கிற மாதிரி தெரிவான். 100 மீட்டருக்கு ஆறு சென்டிமீட்டர் சிதறல் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 1300-ல் 78. ஆளின் தோள் அகலம் அவ்வளவு இருக்குமா?

இன்னொன்று. டிரகுனோவ் 1963-ல் வந்தபோது, குண்டைச் சுழல வைக்கக் குழலுக்குள் ஓடும் திருகுவரி 320 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று. இரும்பைத் துளைத்துத் தீ வைக்கும் குண்டு நிலையாகப் போக வேண்டுமென்று பிறகு 240 ஆக்கினார்கள். குறி நேர்த்தி குறைந்தது. பிட்ச் மாறினால் என்ன ஆகுமென்று வேலை பழக வந்த பையனுக்கே தெரியும்.

பொள்ளாச்சி என்.சி.சி:
முதலில் ஸ்னைப்பர் எது, டி.எம்.ஆர் எது என்று யாராவது சொல்லுங்களேன். செக்‌ஷனோடு (சிறு படைக்குழுவோடு) கூடவே நடப்பவன் கையில் இருப்பது ஒன்று, இருவராகத் தனியே பதுங்கிக் கிடப்பவர்களிடம் இருப்பது இன்னொன்று, அப்படித்தானே?

கோபி ஹவில்தார்:
அதெல்லாம் அப்புறம். 1300 ஸ்கோப்பில் இருக்குதா இல்லையா?

கணபதி பட்டறைக்காரன்:
போர்வெல் மோட்டார் பிளேட்டிலும் 300 அடி ஹெட், அதாவது அவ்வளவு உயரம் தண்ணீர் ஏற்றும் என்று அடித்திருக்கும். 300 அடியில் எவ்வளவு தண்ணீர் வருகிறதென்று பாருங்கள்!

கோபி ஹவில்தார்:
மோட்டாரைப் பற்றி நீங்கள் வாய் திறக்காதீர்கள். போன சித்திரையில் உங்கள் பேச்சைக் கேட்டு ஏழரை எச்.பி.க்குப் பதில் ஐந்து எச்.பி. இறக்கினேன். வாழை மொத்தமும் குலை தள்ளாமல் நின்றது. அன்றைக்கும் இப்படித்தான் கணக்குப் போட்டுக் காட்டினீர்கள்.

திருப்பூர் பனியன்:
எல்லையில் நின்றவரிடம் மரியாதையாகப் பேசுங்கள் பட்டறை.

கணபதி பட்டறைக்காரன்:
மரியாதைக்கு என்ன குறை? அண்ணா என்றுதானே எழுதுகிறேன். மோட்டார் விஷயத்தில் கிணற்று ஆழத்தை எனக்குத் தப்பாகச் சொன்னது யார் என்று அவரையே கேளுங்கள்.

இதற்குப் பதில் வரட்டும். 2019-ல் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு .338 பெரெட்டா, .50 பாரெட் என்று பெரிய குண்டு போடும் ஸ்னைப்பர்களை நம் ராணுவம் எதற்கு இறக்கியது? டிரகுனோவ் 1300 அடிக்குமென்றால் அந்தச் செலவு ஏன்? டிரகுனோவைக் குறை சொல்லவில்லை. பத்துக் குண்டை மளமளவென்று, 600, 700 மீட்டருக்குள் போட அதைப் போல ஒன்று கிடையாது. அந்த வேலைக்காகப் பிறந்தது அது. அந்த வேலைக்குப் பெயர்தான் டி.எம்.ஆர்.

கோபி ஹவில்தார்:
நான் என் கண்ணால் பார்த்தவன்.

கணபதி பட்டறைக்காரன்:
எத்தனை மீட்டரில் அண்ணா?

கோபி ஹவில்தார்:
அதையெல்லாம் இங்கே சொல்ல முடியாதுங்க. ஸ்கோப்பில் 1300 இருக்குது. என் வாழைக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

கணபதி பட்டறைக்காரன்:
நாளைக்கு இங்கே கரண்ட் இல்லை, லேத் ஓடாது. காலையிலிருந்து உட்கார்ந்து எழுதுகிறேன். 1300-க்கும் சேர்த்து, வாழைக்கும் சேர்த்து.