கிளவுட் சேவைகளை வகைப்படுத்திய அனுபவங்கள்: சேவை, தொழில்நுட்பம், வழங்குநர்

சேவைப் பட்டியலைப் பராமரிக்கும் உறுப்பினர்:

எங்கள் நிறுவனத்தின் பல குழுக்கள் தனித்தனியே வாங்கிப் பயன்படுத்திவந்த மேகக் கணிமைச் சேவைகளை, அதாவது சர்வர், சேமிப்பகம், மென்பொருள் போன்றவற்றை இணையம் வழியே தரும் கிளவுட் சேவைகளை, ஒரே பட்டியலுக்குள் கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் வந்தது. வகைகளுக்கு அடிப்படையாக, அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2011 செப்டம்பரில் வெளியிட்ட வரையறையை எடுத்துக்கொண்டோம். பீட்டர் மெல், டிமோத்தி கிரான்ஸ் ஆகியோர் எழுதிய, சில பக்கங்களே உள்ள அந்த ஆவணம் மேகக் கணிமைக்கு ஐந்து இன்றியமையாப் பண்புகளையும், மூன்று சேவை மாதிரிகளையும், நான்கு நிறுவல் மாதிரிகளையும் வகுத்துத் தருகிறது. உட்கட்டமைப்பு, தளம், மென்பொருள் என்ற அந்த மூன்று சேவை மாதிரிகளைத்தான் துறையில் இருப்பவர்கள் ஐயாஸ், பாஸ், சாஸ் என்கிறோம்.

மெய்நிகர் சர்வரை வாடகைக்குத் தரும் அமேசானின் ஈசி2 ஐயாஸ் என்பதிலும், உலாவியில் திறந்து பயன்படுத்தும் மின்னஞ்சல் சாஸ் என்பதிலும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வாதம் முழுவதும் இடையில் நின்ற சேவைகளைப் பற்றியே நடந்தது. 2009 முதல் அமேசான் வழங்கிவரும் ஆர்டிஎஸ் தரவுத்தளச் சேவையில் இயங்குதளத்தைப் பராமரிப்பது வழங்குநர். ஆனால் சர்வரின் அளவைத் தேர்ந்தெடுப்பதும் அட்டவணைகளை வடிவமைப்பதும் நாம். 2014 இறுதியில் அறிவிக்கப்பட்ட அமேசானின் லாம்டா சேவையில் சர்வர் என்ற ஒன்றே நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நிரலைக் கொடுத்தால் போதும், அது இயங்கிய நேரத்துக்கும் அழைக்கப்பட்ட முறைகளுக்கும் கட்டணம். வரையறை எழுதப்பட்டபோது இப்படியொரு சேவை சந்தையில் பரவியிருக்கவில்லை. ஆகவே அதைப் பாஸ் என்று ஒரு குழுவும், ‘சர்வர்லெஸ்’ என்ற நான்காவது வகையே வேண்டும் என்று இன்னொரு குழுவும் வாதிட்டன.

பெயரை வைத்துக்கொண்டு வாதிட்டவரை முடிவு எட்டவில்லை என்பதால், ஒவ்வொரு சேவைக்கும் ஒரே மாதிரியான சில கேள்விகளுக்கு விடை எழுதும்படி குழுக்களைக் கேட்டுக்கொண்டோம். இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் அதை நிறுவுவது யார், பயனர் கூட்டம் கூடும்போது கொள்ளளவைப் பெருக்க முடிவெடுப்பது யார், காப்புப் பிரதியிலிருந்து தரவை மீட்டெடுக்க வேண்டிய நாளில் முதலில் அழைக்கப்படுபவர் யார் என்பவையே அந்தக் கேள்விகள். விடைகள் எழுதப்பட்ட பிறகு, பெரும்பாலான சேவைகளின் இடம் வாதமின்றியே தெளிவானது.

இந்த முறையில் நான் எதிர்பாராத ஒன்றும் வெளிப்பட்டது. குபர்னெட்டீஸ் என்பது பல சர்வர்களில் பயன்பாடுகளைப் பகிர்ந்து இயக்கி நிர்வகிக்கும் மென்பொருள். கூகுளின் குபர்னெட்டீஸ் சேவையைச் சாதாரண முறையில் இயக்கினால் நோடு எனப்படும் சர்வர்களின் அளவையும் எண்ணிக்கையையும் வாடிக்கையாளரே முடிவு செய்கிறார். 2021-இல் வந்த ஆட்டோபைலட் முறையில் அந்தப் பொறுப்பை வழங்குநர் எடுத்துக்கொள்கிறார். பெயர் ஒன்று, பொறுப்பு இரண்டு விதம். ஆகவே வகையைச் சேவையின் பெயருக்குக் கொடுக்காமல், அது பயன்படுத்தப்படும் முறைக்குக் கொடுத்தோம். பட்டியல் சற்று நீண்டது. ஆனால் நள்ளிரவில் ஒரு சேவை முடங்கும்போது பட்டியலைத் திறப்பவருக்கு வேண்டிய விடை அதில் இருக்கிறது, அதுவே எனக்கு முக்கியம்.

சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓவின், 2014-இல் வெளியான 17788 தரநிலையும் எங்களுக்கு மிகவும் உதவியது. (அதன் இடத்தில் இப்போது 22123 வரிசை வந்துவிட்டது.) அது உட்கட்டமைப்பு, தளம், பயன்பாடு என்ற மூன்று திறன் வகைகளை ஓர் அடுக்காகவும், வலையமைப்புச் சேவை, தரவுச் சேமிப்புச் சேவை போன்ற சேவைப் பிரிவுகளை மற்றோர் அடுக்காகவும் பிரித்து வைக்கிறது. ஒரு சேவைப் பிரிவில் ஒன்றுக்கு மேற்பட்ட திறன் வகைகள் அடங்கலாம். ‘சர்வர்லெஸ்’ கேட்ட குழுவுக்கு அந்த இரண்டாம் அடுக்கில் இடம் கிடைத்தது. முதல் அடுக்கின் மூன்று பெட்டிகளும் மாறாமல் நின்றன.

அறிவுக் களஞ்சியத்தைத் தொகுக்கும் உறுப்பினர்:

மேலே சொல்லப்பட்ட சிக்கல் சேவைகளுக்குள்ளேயே எழுவது. நான் சந்தித்தது அதற்கு முந்தைய படியில் இருந்தது. தொழில்நுட்பக் கட்டுரைகளும் கையேடுகளும் சேர்ந்த ஒரு தொகுப்பை ஒழுங்குபடுத்தியபோது, ‘கிளவுட் வழங்குநர்கள்’ என்ற ஒரே கோப்புறைக்குள் மைக்ரோசாஃப்டின் அஷ்யூர், ஓப்பன்ஸ்டாக், பயன்பாடுகளைப் பொதிந்து இயக்கும் டாக்கர், நிரலை ஏற்றி இயக்கும் தளமான ஹெரோக்கு, கோப்புச் சேமிப்புச் சேவையான டிராப்பாக்ஸ் எல்லாம் கலந்து கிடந்தன. இவற்றில் ஓப்பன்ஸ்டாக் வழங்குநரே அல்ல. ராக்ஸ்பேஸ் நிறுவனமும் நாசாவும் 2010-இல் தொடங்கிய, கிளவுட் அமைக்க உதவும் திறந்த மூல மென்பொருள் அது. அதை நிறுவி எவரும் வழங்குநராகலாம், தம் சொந்தத் தரவு மையத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். குபர்னெட்டீஸும் அப்படித்தான்: 2014-இல் கூகுள் வெளியிட்டது, மறு ஆண்டே கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷனின் பொறுப்புக்குப் போனது, இன்று போட்டியாளர்கள் அனைவரும் அதன் மீது தத்தம் சேவையை நடத்துகிறார்கள். தொழில்நுட்பத்தை ஒரு வழங்குநரின் கீழ் வைத்தால், அதைத் தேடி வருபவர் மற்ற அனைவரையும் தவறவிடுவார்.

ஆகவே பதிப்பும் உரிமமும் உள்ளது தொழில்நுட்பம், கட்டணமும் சேவை உறுதிமொழியும் உள்ளது சேவை, ஒப்பந்தத்தில் கையெழுத்திடக்கூடியது வழங்குநர் என்று மூன்று தனித்தனிப் பட்டியல்களை வைத்தேன். ஹெரோக்கு இந்த அளவுகோலை நன்றாகச் சோதித்தது. 2007-இல் ஒரு நிறுவனமாகத் தொடங்கிய அதை 2010 இறுதியில் சேல்ஸ்ஃபோர்ஸ் வாங்குவதாக அறிவித்தது. தளமோ அமேசானின் உட்கட்டமைப்பின் மீது இயங்குகிறது. இன்று அது சேவைகள் பட்டியலில் நிற்க, அதன் வழங்குநராக சேல்ஸ்ஃபோர்ஸ் இருக்கிறது. அமேசானுடனான தொடர்பை வகையாக வைக்காமல், ‘எதன் மீது இயங்குகிறது’ என்ற தனிக் குறிப்பாக வைத்தேன். அத்தகைய தொடர்புகள் மாறக்கூடியவை என்பதற்கு டிராப்பாக்ஸே சான்று. நெடுங்காலம் அமேசானின் சேமிப்புச் சேவையான எஸ்3-இல் கோப்புகளை வைத்திருந்த அந்நிறுவனம், அவற்றில் பெரும்பகுதியைத் தன் சொந்தச் சேமிப்பகத்துக்கு மாற்றிவிட்டதாக 2016-இல் அறிவித்தது. தொடர்பையே வகையாக்கியிருந்தால் அன்று பதிவுகள் அனைத்தையும் பிரித்து அடுக்க வேண்டியிருந்திருக்கும். குறிப்பாக இருந்தால் ஒரு வரியைத் திருத்தினால் முடிந்துவிடும்.

கட்டணப் பகுப்பாய்வுக் குழுவில் இருக்கும் உறுப்பினர்:

‘வழங்குநர்’ என்ற ஒற்றை நெடுவரிசை எங்கள் பணிக்குப் போதவில்லை என்பதை இங்கே சேர்க்க விரும்புகிறேன். சந்தைத் தளம் ஒன்றின் வழியாக வாங்கிய பாதுகாப்பு மென்பொருளை உருவாக்கியவர் ஒருவர், நமக்குக் கிடைக்கச் செய்தவர் இன்னொருவர், கட்டணச் சீட்டு அனுப்பியவர் மூன்றாமவர் என்ற நிலை எங்களுக்கு அடிக்கடி வந்தது. 2024-இல் முதல் முழுப் பதிப்பாக வெளியான ஃபோகஸ் என்ற கட்டணத் தரவு விவரக்குறிப்பு இந்த மூவருக்கும் மூன்று நெடுவரிசைகளை ஒதுக்கியிருந்ததைக் கண்டபோது, நாங்கள் வேண்டியது இதைத்தான் என்று தோன்றியது.

ஒவ்வொரு சேவைக்கும் முதன்மை வகை ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பதையும் அதே விவரக்குறிப்பு வலியுறுத்துகிறது. தேடலுக்கு ஒரு சேவையைப் பல இடங்களில் காட்டுவது நன்மையே. செலவைக் கூட்டும்போதோ அதே தொகை இரண்டு முறை எண்ணப்பட்டுவிடும். ஆகவே வகை ஒன்று, குறிச்சொற்கள் எத்தனை வேண்டுமானாலும் என்று பிரித்துக்கொண்டோம். ஜிபியு என்ற வரைகலைச் செயலி பொருத்திய மெய்நிகர் சர்வரைச் செயற்கை நுண்ணறிவு வகையில் வைக்கும்படி கேட்டவர்களுக்கும் இதுவே விடையானது: வாங்கப்படுவது கணிமைத் திறன் என்பதால் அதன் வகை கணிமை, அது எதற்குப் பயன்படுகிறது என்பது குறிச்சொல். ஆயத்த மொழி மாதிரியை அழைத்து, அழைப்புக்கேற்பக் கட்டணம் செலுத்தும் சேவை மட்டும் செயற்கை நுண்ணறிவு வகைக்குப் போகிறது. ‘மற்றவை’ என்ற வகையையும் வைத்திருக்கிறோம். அதில் ஒரே இயல்புள்ள சேவைகள் சேரத் தொடங்கினால் புதிய வகை தேவையா என்று பரிசீலிக்கிறோம்.

தணிக்கைப் பணியில் இருக்கும் உறுப்பினர்:

எதை எந்த வகையில் வைப்பது என்பதற்கு முன், அது மேகக் கணிமைதானா என்று கேட்க வேண்டிய சூழல் எனக்கு வந்தது. ஒரு நிறுவனம் தன் தரவு மையத்தைத் ‘தனியார் கிளவுட்’ என்று பதிவு செய்திருந்தது. மெய்நிகர் சர்வர் வேண்டுபவர் படிவம் நிரப்ப வேண்டும், மேலாளர் ஒப்புதல் தர வேண்டும், பிறகு நிர்வாகி கையால் உருவாக்கித் தருவார். பயன்பாட்டு அளவீடும் இல்லை. தேவைப்படும்போது பயனர் தாமே பெற்றுக்கொள்ளுதல், அளவிடப்படும் சேவை, விரைந்து விரிந்து சுருங்கும் தன்மை ஆகிய மூன்று பண்புகளும் அங்கு இல்லை. நிஸ்ட் ஐந்து பண்புகளையும் இன்றியமையாதவை என்றே குறிப்பிடுவதால், அதை மெய்நிகராக்கம் (ஒரு சர்வரைப் பல மெய்நிகர் சர்வர்களாகப் பிரித்தல்) என்ற தலைப்புக்கு மாற்றும்படி பரிந்துரைத்தேன். அவர்கள் மனம் வருந்தினார்கள். ஆயினும் அந்தப் பதிவை நம்பி, திடீர்ப் பளுவைத் தாங்கும் என்ற எதிர்பார்ப்போடு ஒரு குழு தன் பயன்பாட்டை அங்கே மாற்றத் திட்டமிட்டிருந்ததால், பெயரை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. பரிந்துரைத்தபடியே தலைப்பு மாற்றப்பட்டது. அந்தக் குழுவும் தன் திட்டத்தை மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது.