டொராண்டோவிலிருந்து வான்கூவர் வரை பஸ்ஸில் போய், வழியில் ஊர்க்காரர் வீட்டில் தங்குவது இன்னும் நடக்கிற காரியமா?

ஊர்சுற்றி கார்த்தி:
வாட்டர்லூவில் படிப்பு முடிந்துவிட்டது. வேலையில் சேர ஆகஸ்ட் ஆகும். அதற்குள் ஜூனில் டொராண்டோவிலிருந்து வான்கூவர் வரை பஸ்ஸிலேயே போகலாம் என்று இருக்கிறேன். சட்பரி, தண்டர் பே, வின்னிபெக், ரெஜைனா, கால்கரி, அப்புறம் வான்கூவர். ஹோட்டல் கிடையாது. கவுச்சர்ஃபிங் மாதிரி தளங்களில் கேட்டு, ஊர்க்காரர்கள் வீட்டிலேயே தங்குவதாகத் திட்டம். ஃப்ளைட்டில் ஐந்து மணி நேரத்தில் போகிற ஊருக்கு இது எதற்கு என்று ரூம்மேட்டுகள் சிரிக்கிறார்கள். போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஸ்காபரோ சிவம்:
தம்பி, நீங்கள் கேட்கிற கனடா 2018இலேயே முடிந்துவிட்டது. அந்த வருடம் அக்டோபர் 31ஆம் திகதியோடு கிரேஹவுண்ட் பஸ் கம்பனி மேற்கு மாகாணங்களை விட்டுப் போனது. 2021 மே 13இல் ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் மிஞ்சியிருந்ததையும் மூடினார்கள். முந்தி ரொறன்ரோவில் ஒரே டிக்கெட் எடுத்தால் வன்கூவர் வரைக்கும் கவலையில்லை. இப்போது ஒட்டுப்போட வேண்டும். வின்னிபெக் வரைக்கும் ஒன்ராறியோ நோர்த்லேண்ட் பஸ், அங்கால ரைடர் எக்ஸ்பிரஸ். இரண்டும் வேறு வேறு ஆட்கள். ஒரு பஸ் பிந்தினால் மற்ற பஸ் உங்களுக்காகக் காத்து நிற்காது. 4,400 கிலோமீட்டர் சொச்சத்தை இப்படிக் கடப்பதற்கு விசர் பிடித்திருக்க வேண்டும். விமானத்தில் போங்கள். மிச்சம் பிடிக்கிற நாட்களில் ராக்கி மலையைப் பாருங்கள்.

நெடுஞ்சாலைப் பைத்தியம்:
விசர் பிடித்தவன் வந்திருக்கிறேன்.

சிவம் அண்ணன் சொன்ன தேதியெல்லாம் சரி. முடிவுதான் தவறு. கார்த்தி, மேற்கே போகும்போது இடப்பக்க ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள். சூ செயின்ட் மேரி தாண்டியதும் சுப்பீரியர் ஏரி அந்தப் பக்கம்தான் வரும். தண்டர் பே வரைக்கும் கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர், ஏரி வருவதும் காட்டுக்குள் மறைவதுமாகவே போகும். சாலை ஒரு பாறையை வெட்டிக்கொண்டு மேலே ஏறும், திரும்பும், கீழே கடல் மாதிரி தண்ணீர். எதிர்க்கரை தெரியாது. வாவா ஊர் வாசலில் ஒரு ராட்சத வாத்துச் சிலை நிற்கும். 1960இல் ஹைவே திறந்தபோது, போகிறவர்கள் ஊருக்குள் நுழையாமல் போய்விடுவார்களே என்று வைத்தது. இந்த நாடு எவ்வளவு பெரியது, எவ்வளவு காலி என்பது விமானத்தில் போகிறவனுக்குத் தெரியவே தெரியாது. தூங்கி எழுந்தால் வான்கூவர், அவ்வளவுதான்.

பஸ்ஸில் கூட வருகிறவர்களும் வேறு மாதிரி. சுரங்க வேலைக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்குப் போகிற பாட்டி, பக்கத்து ஊரில் மகளைப் பார்க்கப் போகிறவர். சுற்றுலாக்காரன் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள்.

ஸ்காபரோ சிவம்:
வாத்துச் சிலை பார்க்க இரண்டு நாள் முதுகு உடைய வேண்டுமா? இயற்கை பார்க்க வேண்டும் என்றால் வீயா ரயில் இருக்கிறது, ரொறன்ரோவில் இருந்து நாலு இரவு. படுத்துக்கொண்டே போகலாம்.

நெடுஞ்சாலைப் பைத்தியம்:
படுத்துக்கொண்டு போகிற டிக்கெட் விலையைப் பார்த்தீர்களா அண்ணா? மாணவனுக்குச் சொல்கிற யோசனையா அது? தாமதம் என்று பஸ்ஸைத் திட்டிவிட்டு ரயிலைக் காட்டுகிறீர்கள். அந்தத் தண்டவாளம் பெரும்பாலும் சரக்கு ரயில் கம்பெனியுடையது. நூறு பெட்டி கோதுமை போகிற வரைக்கும் பயணி ரயில் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான்.

தண்டர்பே தேன்மொழி:
நான் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டில் ஒரு அறை சும்மா கிடப்பதால் பயணிகளைத் தங்க வைப்பேன். அதனால் வீட்டுக்காரி பக்கத்தையும் கேளுங்கள்.

ஏரி, வாத்து, நாட்டின் பரப்பு எல்லாம் அழகுதான். பஸ் எத்தனை மணிக்கு வரும், எங்கே இறக்கிவிடும் என்று இங்கே யாரும் பேசவில்லை. பழைய டெர்மினல்கள் போன பிறகு பல ஊர்களில் பஸ் நிற்பது பெட்ரோல் பங்க் ஓரத்திலோ ஹோட்டல் வாசலிலோதான். நள்ளிரவுக்கு வரவேண்டிய பஸ் விடிகாலை மூன்றுக்கு வரும். டவுன் பஸ் அப்போது ஓடாது. விருந்தாளி எனக்குத்தான் போன் அடிப்பார். ஜனவரியில் மைனஸ் முப்பதில் ஒருவரை ரோட்டில் நிற்கவிட முடியுமா? காரின் கண்ணாடியில் பனியைச் சுரண்டிவிட்டுப் போய்க் கூட்டி வருவேன். காலை ஏழுக்கு எனக்கு டியூட்டி. கார்த்தி, நீங்கள் ‘ஹோட்டல் கிடையாது’ என்று எழுதியது உங்கள் கணக்கு. அந்தச் செலவு எங்கேயும் போகவில்லை, என் தூக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

வருகிற மெசேஜும் அப்படி. ‘ஹாய், இரண்டு நாள் தங்கலாமா?’ என்று ஒரே வரியைப் பத்துப் பேருக்கு அனுப்பியிருப்பார்கள். ஒருவர் என்னை ‘டியர் மைக்கேல்’ என்று அழைத்திருந்தார்.

அதற்காக நிறுத்திவிடவில்லை. போன கோடையில் கியூபெக்கிலிருந்து ஒரு பெண் வந்தாள். கிளம்புகிற காலையில் படுக்கை விரிப்பைத் தானே வாஷிங் மெஷினில் போட்டுவிட்டு, தலையணை உறையைத் தனியாக மடித்து வைத்து, மறுநாள் வரப்போகிற ஆளுக்குக் குளியலறைக் கதவு இறுகும், தூக்கித் தள்ளுங்கள் என்று ஒரு சீட்டும் ஒட்டியிருந்தாள். அப்படி வருகிறவர்களை டெர்ரி ஃபாக்ஸ் சிலைக்கு நானே கூட்டிப் போவேன். புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட ஒற்றைக் காலோடு 5,373 கிலோமீட்டர் ஓடிவிட்டு, 1980 செப்டம்பர் 1ஆம் தேதி அந்தப் பையன் ஓட்டத்தை நிறுத்தியது இந்த ஊர்ப் பக்கத்தில்தான்.

ஊர்சுற்றி கார்த்தி:
அக்கா, இரவில் வந்தால் டாக்ஸி எடுத்துக்கொள்வேன், உங்களை எழுப்ப மாட்டேன். ஆனால் தங்க வைப்பதில் வீட்டுக்காரருக்கும் ஒரு சந்தோஷம் இருக்கிறது அல்லவா? எல்லாவற்றையும் செலவாகவே பார்த்தால் எப்படி?

ஸ்காபரோ சிவம்:
முதலில் வீட்டுக்காரர் கிடைக்கட்டும். அந்தக் கவுச்சர்ஃபிங் 2011இல் லாபக் கம்பனி ஆனது, 2020இல் உறுப்பினர் கட்டணம் போட்டது. நல்ல ஆட்களில் நிறையப் பேர் அதோடு போய்விட்டார்கள். இப்போது திறந்து பாருங்கள், பாதிப் பேர் வருடக்கணக்கில் உள்ளே வரவே இல்லை. ரெஜைனாவில் ஐம்பது முகம் தெரியும், பதில் போடுகிறவர் இரண்டு பேர். இலவசமாக பீவெல்கம் என்ற தளம் இருக்கிறது, அதில் பெருநகரத்தைத் தாண்டினால் ஆளில்லை. வார்ம்ஷவர்ஸ் சைக்கிள்காரருக்கு மட்டும்.

ஒழுங்கான அமைப்பு வேண்டும் என்றால் செர்வாஸ். 1949இல் இருந்து நடக்கிறது. நேரில் பேசிப் பார்த்து, அறிமுகக் கடிதம் தந்துதான் அனுப்புவார்கள். வழக்கமாக இரண்டு இரவு. அதற்கு இப்போதே விண்ணப்பிக்க வேண்டும், ஜூனில் பஸ் ஏறுவதற்கு முதல் நாள் இல்லை.

இல்லையென்றால் வின்னிபெக்கிலும் கால்கரியிலும் நம்மாட்கள் இருக்கிறார்கள். சொல்லிவிட்டால் சோறும் பாயும் கிடைக்கும்.

நெடுஞ்சாலைப் பைத்தியம்:
அதற்கு ஸ்காபரோவிலேயே இருக்கலாம். வின்னிபெக் போய் இறங்கி, புட்டு சாப்பிட்டு, சீரியல் பார்த்து, ‘எந்த ஊர் தம்பி, அப்பா என்ன செய்கிறார்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அடுத்த பஸ் ஏறுவதா?

ஸ்காபரோ சிவம்:
புட்டைக் குறை சொல்லாதீர்கள். அந்த வீட்டில் பஸ் பிந்தினால் யாரும் முகத்தைச் சுளிக்கமாட்டார்கள்.

பிரின்ஸ்ஜார்ஜ் மலர்:
இரண்டு தரப்பும் பஸ் என்பதை ஏதோ ரசனை விஷயம் மாதிரி பேசுகிறீர்கள். நான் படித்தது வடக்கு பிரிட்டிஷ் கொலம்பியாவில். பிரின்ஸ் ஜார்ஜிலிருந்து பிரின்ஸ் ரூபர்ட் வரை 16ஆம் ஹைவே, 700 கிலோமீட்டருக்கு மேல். அதைக் கண்ணீர் நெடுஞ்சாலை என்கிறார்கள். பஸ் இல்லாமல் லிஃப்ட் கேட்டுப் போன பூர்வகுடிப் பெண்கள் பலர் காணாமல் போனார்கள், கொல்லப்பட்டார்கள். அதனால்தான் கிரேஹவுண்ட் விலகியபோது 2018இல் மாகாண அரசே பிசி பஸ் நார்த் என்று ஓட்ட ஆரம்பித்தது. காணாமல் போன பெண்களைப் பற்றிய தேசிய விசாரணையும், 2019 அறிக்கையில், ஒதுக்குப்புற ஊர்களுக்குப் பாதுகாப்பான போக்குவரத்து வேண்டும் என்று கேட்டது. சஸ்காச்சுவான் மாகாணத்தில் எதிர்த்திசை. 1946இலிருந்து ஓடிய அரசு பஸ் கம்பெனியை 2017 மே மாதத்தோடு மூடிவிட்டார்கள்.

சிவம் அண்ணா, ‘விமானத்தில் போங்கள்’ என்பது விமான நிலையம் இருக்கிற ஊர்க்காரர் பேச்சு. பைத்தியம் சார், பாட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது உங்களுக்கு வழிக்காட்சி, அவருக்கு அது ஒன்றுதான் வழி.

தங்குவது பற்றி: கார்த்திக்கு இது எளிது, பெண்ணாக இருந்தால் வேறு கணக்கு. நான் பெண்கள் இருக்கிற வீட்டில் மட்டும் தங்குவேன். முதலில் பகலில் ஒரு காபிக் கடையில் சந்திப்பேன். வீட்டு முகவரி தோழியிடம் இருக்கும். ஒரு இரவு மோட்டல் பணம் தொடாமல் வைத்திருப்பேன். பிடிக்காத வீட்டிலிருந்து கிளம்ப அந்தப் பணம் வேண்டும். அது இல்லாமல் கிளம்புகிறவர் ஆணாக இருந்தாலும் வீட்டுக்காரர் தயவில்தான் இருக்கிறார்.

ஊர்சுற்றி கார்த்தி:
சரி, தண்டர் பேயிலும் கால்கரியிலும் முதல் இரவு மோட்டல், மறுநாளிலிருந்து வீடு என்று மாற்றலாமா? சிவம் அண்ணா, பஸ்ஸை மட்டும் விடமாட்டேன்.

ஸ்காபரோ சிவம்:
அப்படியென்றால் வின்னிபெக்கில் ஒரு முழு நாள் இடைவெளி விட்டு அடுத்த டிக்கெட்டை எடுங்கள். மோட்டல் காசையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், விமானம்தான் மலிவு என்று வரும். அதை இங்கே எழுதுங்கள், பைத்தியமும் பார்க்கட்டும்.

நெடுஞ்சாலைப் பைத்தியம்:
மலிவு என்று நான் எங்கே சொன்னேன்?

தண்டர்பே தேன்மொழி:
கார்த்தி, ஜூன் மூன்றாவது வாரம் எனக்கு நைட் டியூட்டி, அதை விட்டு வேறு தேதி கேளுங்கள். பகலில் வந்தால் சொல்லுங்கள், கூட்டிக்கொள்கிறேன். இரவு பஸ் என்றால் உங்கள் மோட்டலில் தூங்கிவிட்டு காலை பத்துக்கு மேல் வாருங்கள். என் பெயர் மைக்கேல் இல்லை என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.