சான்றிதழில் "வெப்பமூட்டப்பட்டது" என்று இருக்கும் சிலோன் நீலக்கல்லை வாங்கலாமா?

கொங்குப்பெண்:
அம்மாவோட அறுபதாம் வயசுக்கு ஒரு நீலக்கல் மோதிரம் செய்யணும்னு மூணு வருஷமா சீட்டுப் போட்டுச் சேர்த்திருக்கேன். கோவையில ஒரு கடையில ரெண்டு காரட் கல் காட்டினாங்க. சிலோன் கல், இயற்கையானதுன்னு சான்றிதழ் இருக்கு. ஆனா அதுலயே "வெப்பமூட்டப்பட்டது"ன்னும் போட்டிருக்கு. மனசு விட்டுப்போச்சு. உள்ளே மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு வேற. வாங்கலாமா?

இரத்தினபுரிக்காரன்:
தங்கச்சி, நான் இலங்கை இரத்தினபுரியில் 22 வருசமாகக் கல் வெட்டுகிறேன். அப்பா கல் தோண்டும் குழியில் இறங்கி வேலை செய்தவர். சதுரமாகத் தோண்டி, மண் சரியாமல் மரச்சட்டமும் காட்டுப் பெரணியும் வைத்து அடைத்து, அடியில் கல் கலந்து கிடக்கும், சிங்களத்தில் 'இல்லம' என்கிற சரளை வரும்வரை போவார்கள். அதை அள்ளிக் கூடையில் போட்டுத் தண்ணீரில் சுழற்றி அலசுவார்கள். அப்பா கூடை கூடையாக அலசி ஒன்றும் கிடைக்காமல் வந்த நாட்கள்தான் அதிகம்.

சூடு காட்டுவது மோசடி இல்லை. பால் மாதிரி மங்கலான 'கெவுடா' கல்லை முன்பு ஒதுக்கிப் போடுவார்கள். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை வாங்கிப்போய் 1,600 பாகை செல்சியஸுக்கும் மேல் சூடாக்கினார்கள். உள்ளே பட்டு நூலாய்க் கிடக்கும் ரூட்டைல் என்ற தாதுவின் ஊசிகள் கரைந்து, அதிலிருந்த டைட்டானியம் இரும்போடு சேர்ந்தது. அதுதான் அந்த நீலம். கல் மண்ணில் விளைந்த கல்தான். சூடு காட்டாமலே நல்ல நிறம் உள்ள கல் அரிது, விலையும் பல மடங்கு. அந்த விலையை உங்களிடம் கேட்டால் மட்டும் சண்டை போடுங்கள். 'டிஃப்யூஷன்' (வெளியிலிருந்து நிறம் ஏற்றியது), 'கண்ணாடி நிரப்பியது' (விரிசலைக் கண்ணாடியால் அடைத்தது) என்று எழுதியிருந்தால் தொடவே வேண்டாம்.

அந்தக் கோடு கல்லின் மேற்பரப்பை வந்து தொடுகிறதா என்று லென்ஸில் பாருங்கள். தொட்டால் விரிசலாக இருக்கலாம், மோதிரத்துக்கு ஆகாது. உள்ளேயே நின்றுவிட்டால் பயமில்லை.

தி.நகர்வாசி:
காஷ்மீர் நீலம்தான் உசத்தி. சிலோன் எதுக்கு?

இரத்தினபுரிக்காரன்:
அண்ணே, அழகில் அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் காஷ்மீரில் பாடர் பக்கம் 1881 வாக்கில் கண்டெடுத்தது, சில வருசத்திலேயே நல்ல விளைச்சல் தீர்ந்துவிட்டது. இன்று பெரும்பாலும் பழைய நகைகளில்தான் பார்க்கலாம். கடையில் மலிவாகக் 'காஷ்மீர்' என்றால் நம்பாதீர்கள். இங்கிலாந்து இளவரசி டயானா மோதிரத்தில் இருந்த 12 காரட் கல் எங்கள் சிலோன் கல்தானே!

கொங்குப்பெண்:
இன்னிக்கு மறுபடி போனேன். கோடு உள்ளேயே நின்னுடுது. ஆனா பக்கவாட்டில பார்த்தா கல் வெள்ளையா இருக்கு, அடி முனையில மட்டும்தான் நீலம்! மேலேயிருந்து பார்த்தா முழுக்க நீலம். ஏமாத்துறாங்களா?

இரத்தினபுரிக்காரன்:
இல்லை, அது வெட்டினவரின் கைவேலை. எங்கள் கல்லில் நிறம் திட்டுத் திட்டாகத்தான் கிடக்கும். அந்தத் திட்டை அடி முனையில் வைத்து வெட்டினால், ஒளி அங்கே பட்டுத் திரும்பும்போது முகம் முழுக்க நீலம் பரவும். நானும் அப்படித்தான் வெட்டுவேன். ஆனால் எடை கூட்டுவதற்காக அடியைத் தொப்பை மாதிரி விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், அந்தத் தொப்பைக்கும் காரட் கணக்கில் காசு கொடுப்பீர்கள். கடை விளக்கை நம்பாமல் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். அம்மா தினமும் போடுவார் என்றால் கல்லைத் தாழ்வாகப் பதிக்கச் சொல்லுங்கள்.