பின்னாடி காத்து எவ்வளவு வைக்கிறீங்க? பழைய டூரிங் வண்டி, புது டூரிங் வண்டி அனுபவங்கள்

செந்தூல் விங்

ஹோண்டா கோல்ட்விங் டூரிங் பைக்குல 1500-ல இருந்து 1800-க்கு மாறுற நம்ம ஆளுங்க எல்லாரும் கேக்குற முதல் கேள்வி: “அதுல 40 வச்சு ஓட்டினேன், இதுல எவ்வளவு வைக்கணும்?” பதில் சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. 1800-ல பின் ஷாக்குல (அதிர்வு தாங்கியில) காத்தே கிடையாது. 2001-ல வந்த அந்த மாடல்லயே பின் சஸ்பென்ஷனுக்கு எண்ணெய் அழுத்தம்தான். பட்டனை அமுக்கினா ஒரு சின்ன மோட்டார் ஓடி, எண்ணெயைத் தள்ளி, ஸ்பிரிங்கை இறுக்கும். திரையில 0-ல இருந்து 25 வரைக்கும் வர்ற எண் பிஎஸ்ஐ (காத்து அழுத்த அளவு) இல்ல, வெறும் படி.

ரவாங்ல இருந்து ஒரு நண்பர் புதுசா ஒரு 1800 வாங்கிட்டு வீட்டுக்கு வந்தாரு. வந்ததும் வராததுமா கைபேசி லைட்டை அடிச்சுக்கிட்டு சக்கரத்துப் பக்கம் குனிஞ்சு காத்து வால்வு தேட ஆரம்பிச்சுட்டாரு. “25 வச்சும் பின்னாடி தொங்குது, மிச்சத்த கையால அடிச்சுப் பாக்குறேன்”னாரு. அவரு தப்பாச் சொல்லல, வண்டி தொங்கத்தான் செஞ்சது. டேப் எடுத்து அளந்தோம். ரெண்டு பேர் ஏறி உக்காந்து 0-ல ஒரு தடவ, 25-ல ஒரு தடவ. பெட்டியோட அடிப்பாகம் தரையில இருந்து ரெண்டு தடவையும் ஒரே உயரம்! உள்ள எண்ணெய் குறைஞ்சு போச்சு, மோட்டார் வெறுமனே சுத்துது, திரை மட்டும் 25-னு காட்டுது. எண்ணெயை நிரப்பின பிறகு வித்தியாசம் தெரிஞ்சுச்சு.

உங்க வண்டியில எப்படி? வருஷத்தையும் சேர்த்துப் போடுங்க. மாடல் வருஷம் தெரியாம வர்ற நம்பரால யாருக்கும் பிரயோஜனம் இல்ல.

பழைய விங், கிள்ளான்

தம்பி கேட்டதால் விவரமாகவே எழுதுகிறேன். நான் 1980 மாடல் 1100-ல் தொடங்கியவன். 1975-ல் வந்த முதல் விங்கில் ஸ்பிரிங் மட்டும்தான். காற்று வந்தது 1100-ல், அதுவும் முன்னும் பின்னும். என் கையேட்டில் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கு 14 முதல் 21 பிஎஸ்ஐ, பின்னால் 28 முதல் 42. அடுத்து 1984-ல் வந்த 1200-ல் முன்பக்கம் 0 முதல் 6 என்று இறங்கிவிட்டது. 1988-ல் வந்த 1500-ல் முன் ஃபோர்க்கில் காற்றே இல்லை. பின்னால் மட்டும் 0 முதல் 57, அதுவும் இரண்டு ஷாக்கில் ஒன்றுக்கு மட்டுமே காற்று.

இந்த எண்களில் எங்கே முடிகிறது என்பதைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். 1100-ல் 28-க்குக் கீழே போகக்கூடாது. காரணம், அதில் சுமையின் பெரும்பங்கைக் காற்றுதான் தாங்குகிறது, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மென்மையானது. 1500-ல் 0 வைத்தும் தனி ஆளாக ஓட்டலாம், ஏனென்றால் அங்கே ஸ்பிரிங்தான் சுமக்கிறது, காற்று கைகொடுக்கிறது, அவ்வளவுதான். அதனால் 1500-காரர் சொல்லும் 40-ஐ 1100-ல் வைத்தால் உச்சத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள். ஒரே 40, இரண்டு வண்டியில் இரண்டு வேலை.

ஒரு ஷாக்கில் மட்டும் காற்று என்றால் வண்டி ஒரு பக்கம் சாயாதா என்று என் மகன் கேட்டான். சாயாது. இரண்டும் பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஒரே ஸ்விங் ஆர்மைத் தாங்குகின்றன. ஒன்றில் 50 என்றால், கணக்குக்கு இரண்டிலும் 25 வைத்த மாதிரி வைத்துக்கொள்ளலாம்.

பிரிக்பீல்ட்ஸ் ஹார்லி

ஹார்லி ஆளுங்க சார்பா நானும் வரேன். எலெக்ட்ரா கிளைடு, 2012. வலது இடது ரெண்டு ஷாக்குக்கும் சேர்த்து ஒரே வால்வு, இடது பெட்டிக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ஒளிஞ்சிருக்கும். கம்ப்ரசர் எல்லாம் கிடையாது, கை பம்ப்தான்.

ஒரு கூட்டாளி ஹாட்யாய் போறதுக்கு முதல் நாள் ராத்திரி பெட்ரோல் ஸ்டேஷன் காத்து மெஷின்ல மாட்டிட்டான். அந்த மெஷின் கார் டயருக்குப் பழகினது லா. டயர்ல லிட்டர் கணக்குல இடம் இருக்கு, ஷாக்ல காத்துக்கு இருக்குற இடம் ரொம்பக் கொஞ்சம். மெஷின் அளந்து நிறுத்துறதுக்குள்ள அழுத்தம் எங்கேயோ போயிடுச்சு. மறுநாள் தாப்பா தாண்டினதும் பின்னாடி வந்தவன் ஹார்ன் அடிச்சு நிப்பாட்டினான். ஒரு பக்கத்து ஷாக் சீல் போய், எண்ணெய் வழிஞ்சு ரிம் வரைக்கும் பளபளன்னு இருக்கு. டயர்ல இன்னும் படல, நல்ல நேரம். வண்டி லாரி ஏறி கே.எல். திரும்புச்சு, அவன் இன்னொருத்தன் பின்னாடி உக்காந்து ஹாட்யாய் போனான்.

அந்த மெஷின்ல இன்னொரு வம்பு, பல இடத்துல கிலோபாஸ்கல்ல இருக்கும். 200-னு பாத்துட்டுப் பயந்துடாதீங்க, அது 29 பிஎஸ்ஐ.

சாதாரண டயர் கேஜ் வச்சு அளக்குறதும் வேஸ்ட். மாட்டிக் கழட்டும்போது “புஸ்”ஸுன்னு போற காத்துலயே பல பிஎஸ்ஐ இறங்கிடும். கழட்டும்போது காத்து விடாத ஷாக் பம்ப்னு விக்கிறாங்க, அதை வாங்கிடுங்க.

காத்து இறக்கும்போது ஒரு துணியை வால்வு மேல வச்சுக்குங்க. உள்ள இருக்குற எண்ணெய் ஈரத்தோட கலந்து தெறிக்கும். டிஸ்க்ல பட்டா முதல் பிரேக்லயே தெரியும். கையேட்டுலயும் எச்சரிக்கையா போட்டிருக்கான், யாரும் படிக்கிறது இல்ல.

என் மச்சான் வண்டி 2017-க்கு அப்புறம் வந்தது. அதுல ஹார்லியும் காத்தைத் தூக்கிட்டான். கையால திருகுற குமிழ் ஒண்ணு, உள்ள எண்ணெய். மச்சானுக்கு அது சொகுசு. எனக்கு என்னவோ கிளம்புறதுக்கு முன்னாடி பம்ப் எடுத்து நாலு அடி அடிச்சாத்தான் பயணம் போற மாதிரி இருக்கு.

பட்டர்வொர்த் 1500

பிரிக்பீல்ட்ஸ் அண்ணே, நீங்க எப்ப அளக்குறீங்க? வீட்டுல இருந்து கிளம்பும்போதா, ஆர் அண்ட் ஆர்-ல (நெடுஞ்சாலை ஓய்விடத்துல) நிப்பாட்டியா? இங்க பாலத்தைத் தாண்டி வர்ற பசங்க பாதிப் பேர் சூட்டோட அளந்துட்டு “ஏறிப் போச்சு”ன்னு இறக்கி விடுறாங்க. காலையில பாத்தா வண்டி உக்காந்திருக்கு.

கணக்கு எளிசுதான். கேஜ்ல 35-னா வெளிக்காத்து 14.7-ஐயும் கூட்டி 49.7. காலையில 30 டிகிரி, மோசமான ரோட்டுல ஓடி ஷாக் 60 டிகிரி ஆச்சுன்னா, கேஜ் கிட்டத்தட்ட 40 காட்டும். காத்து கூடல, சூடு கூடியிருக்கு. ஆறின வண்டியில மட்டும் அளங்க.

கேமரன் மலைக்குப் போனா என்ன ஆகும்னு ஒரு தம்பி கேட்டிருந்தாரு. அதையும் போட்டுப் பாத்தேன். அங்க இருக்குற தானா ராத்தா ஊர் சுமார் 1,400 மீட்டர் உயரம். வெளிக்காத்து அழுத்தம் அங்க 2 பிஎஸ்ஐக்கு மேல குறையுது, அதனால கேஜ் ஏறணும். ஆனா குளிரு அதே அளவு இறக்கிடுது. கீழ 32 டிகிரியில 35 வச்சவருக்கு மேல 20 டிகிரியில 35-தான் இருக்கும். மலைக்காகத் தனியா ஒண்ணும் மாத்த வேணாம். கூட ஏத்திட்டுப் போற காய்கறி மூட்டைக்கு வேணும்னா மாத்துங்க.

செந்தூல் விங்

அப்ப நம்பரை விட்டுட்டு எதைப் பாத்து வைக்கிறது?

பழைய விங், கிள்ளான்

வண்டி எவ்வளவு உட்காருகிறது என்பதைப் பார்த்து. நடு ஸ்டாண்டில் பின் சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து பெட்டியில் ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்து, வழக்கமாக வரும் ஆளோடும் சாமானோடும் ஏறி உட்கார்ந்து இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். சக்கரம் மொத்தம் ஏறி இறங்கக்கூடிய தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உட்கார்ந்தால் சரி. அதற்கு 1100-ல் 34 தேவைப்படலாம், ஹார்லியில் 15 போதலாம், 1800-ல் 18-ஆம் படியாக இருக்கலாம். அந்த எண்ணைச் சீட்டுக்கு அடியில் எழுதி ஒட்டுங்கள். அது உங்கள் வண்டிக்கும் உங்கள் வீட்டம்மாவுக்கும் மட்டுமான எண், அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.

பிஎம்டபிள்யூ 2005-ல் எச்பி2 எண்டியூரோ என்று ஒன்று விட்டது. பின்னால் உலோக ஸ்பிரிங்கே இல்லை, முழுக்கக் காற்று. கை பம்ப் கொடுத்தார்கள், கூடவே சட்டத்தில் கொத்தனார் வைத்துப் பார்ப்பது போன்ற ரசமட்டம் ஒன்றும் பதித்திருந்தார்கள். ஏறி உட்கார்ந்து, குமிழி நடுவில் வரும் வரை காற்றைச் சரிசெய்ய வேண்டும். டூரிங் வண்டிகளுக்கும் அதை வைத்திருந்தால் இங்கே இவ்வளவு எழுத வேண்டியிருக்காது.

பட்டர்வொர்த் 1500

ஐயா, பழைய 1500 ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், தம்பிக்கு. காத்து நிக்குமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பழைய விங், கிள்ளான்

கம்ப்ரசரைப் போட்டு 40 வரை ஏற்றச் சொல்லுங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு வண்டியை விட்டுவிட்டு வாருங்கள், மறுநாள் காலையில் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். ஒன்றிரண்டு இறங்கியிருந்தால் பேரம் பேசலாம். பத்துக்கு மேல் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது.

காற்றை உலர்த்தும் குப்பியையும் கழற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் மணிகள் நீலமாக இருக்க வேண்டும். நம் ஊர் ஈரத்துக்கு அவை சீக்கிரம் ரோஸ் நிறமாகிவிடும், யாரும் மாற்றுவதில்லை. அதற்குப் பிறகு தண்ணீர் ஷாக்குக்குள்தான் போகும்.

கம்ப்ரசர் ஓடியும் எண் ஏறவில்லை என்றால் குழாய் முனையில் இருக்கும் ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) முதலில் பாருங்கள், சில வெள்ளியில் முடிந்துவிடும். ஷாக்கையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.