பால் வடியாத மஞ்சள் அரளி: முற்றத்து மரத்தை அடையாளம் கண்ட அனுபவங்கள்

வேலியோரம்:
சுற்றுச்சுவரை ஒட்டித் தானாக முளைத்த மரம், ஆள் உயரம் தாண்டியதும் மணிவடிவ மஞ்சள் பூக்களைக் கொத்துக் கொத்தாகப் பூத்தது. பார்த்தவர்கள் எல்லோரும் மஞ்சள் அரளி என்றே சொல்லி, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது என்று வெட்டச் சொன்னார்கள். வெட்ட வந்த பெரியவர் அரிவாளை எடுப்பதற்கு முன் இலைக்காம்பு ஒன்றைக் கிள்ளி, "அரளி என்றால் பால் வடிய வேண்டுமே, ஒரு சொட்டுக்கூட இல்லையே" என்று காட்டியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அரளிக்குக் குறுகி நீண்ட தனி இலை. இதிலோ ஒரே காம்பில் ஐந்தும் ஏழுமாக, ஓரம் ரம்பப் பல்லாக அமைந்த சிற்றிலைகள். வெட்டுவதை நிறுத்திவிட்டோம். இது என்ன மரம்?

நிலாமுற்றம்:
பால் இல்லை என்பதாலேயே நஞ்சும் இல்லை என்று முடிவுகட்டுவதை என்னால் ஏற்க முடியாது. எங்கள் பின்புறத்தில் நின்ற சிறுமரம் நீண்ட வெண்ணிறப் பூக்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, பொழுது சாய்ந்ததும் மணம் வீசும். அதிலும் பால் கிடையாது. கிளை கழித்த கையோடு என் தம்பி கண்ணைக் கசக்கினான். ஒரு கண்ணின் பாவை மட்டும் அகல விரிந்து, மற்றது இயல்பாகவே இருந்த அந்த முகத்தை மறக்க முடியவில்லை. மருத்துவர் முதலில் கேட்டதே, ஏதேனும் செடியைத் தொட்டானா என்றுதான். அது புரூக்மான்சியா, ஊமத்தையின் நெருங்கிய உறவு. ஊமத்தைப் பூ நிமிர்ந்து நிற்கும், காயில் முள் இருக்கும். இதன் பூ தொங்கும், காயில் முள் இல்லை.

இலைநரம்பு:
எங்கள் மரம் இலையுதிர்த்து இளஞ்சிவப்பாகப் பூத்தபோது கைப்பேசிச் செயலி அதை ஒரு நாள் செர்ரி என்றது, மறுநாள் தபேபியா என்றது. பூவைப் பிரித்துப் பார்த்தால் அவரைப் பூவின் அமைப்பு. துளிர்த்தபின் இறகுபோல் அடுக்கிய சிற்றிலைகள். அது கிளைரிசிடியா. கேட்காமலே சொல்கிறேன்: பூவை மட்டும் படமெடுத்து யாரிடமும் காட்டாதீர்கள். இலைகள் கணுவில் எதிரெதிராக உள்ளனவா, மாறி மாறி உள்ளனவா என்பது தெரியும்படி ஒரு கிளையை முழுதாகவும், இலையின் அடிப்புறத்தையும், பட்டையையும், காயையும், காயின் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்தும் எடுங்கள். பூவும் இலையும் சேர்ந்த சிறுகிளையைச் செய்தித்தாள்களுக்கு இடையே அழுத்தி உலர்த்தி, அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையில் காட்டலாம். வேலியோரம் சொல்வது டெக்கோமாவாக இருக்க வேண்டும்; காய் ஒல்லியாக நீண்டிருந்தால் ஐயமே இல்லை. அரளிக் காய் குட்டையாக, முக்கோணச் சாயலில், உள்ளே கெட்டியான கொட்டையோடு இருக்கும்.

வேலியோரம்:
ஒல்லியான காய்கள்தாம். முற்றிய ஒன்றைப் பிளந்தேன். மெல்லிய சிறகு வைத்த விதைகள் மின்விசிறிக் காற்றில் மேசையெங்கும் பறந்தன.

நிலாமுற்றம்:
அப்படியானால் டெக்கோமாதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மற்றக் காய்களை வெடிப்பதற்கு முன்பே பறித்துவிடுங்கள். தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்த மரம் தோட்டத்தை விட்டு வெளியேறிக் களையாகப் பரவியிருக்கிறது.