ரெக்கார்டிங்குக்கு டிஜிட்டல் பியானோ: எஃப்பி-10 போதுமா, எஃப்பி-30எக்ஸ் வேண்டுமா?

வணக்கம். இப்போது என்னிடம் இருப்பது 61 கட்டைகள் கொண்ட பழைய கீபோர்டு. மெதுவாகத் தொட்டாலும் சத்தம் ஒரே அளவில்தான் வருகிறது. போன வாரம் ஹெட்போன் துளையிலிருந்து வயர் போட்டு ஒரு மெட்டைப் பதிவு செய்தேன். கடைசி ஸ்வரம் தேய்ந்து அடங்கும் இடத்தில் "ஸ்ஸ்" என்ற இரைச்சல்தான் மேலே நின்றது. மனசே ஆறவில்லை.

அதனால் 88 கட்டை, நல்ல கனமான டச் உள்ள பியானோவாக வாங்க முடிவு செய்துவிட்டேன். ரோலண்ட் எஃப்பி-10, எஃப்பி-30எக்ஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். இரண்டிலும் கட்டைகளின் அமைப்பு ஒன்றுதான், ரோலண்டின் பிஎச்ஏ-4 என்ற வகை. ஆனால் எஃப்பி-10-இல் தனி லைன் அவுட் (ஒலியைப் பதிவுக்கு அனுப்பும் துளை) கிடையாது. யுஎஸ்பி வழியாக மிடி (எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு அழுத்தமாக வாசித்தோம் என்ற தகவல்) மட்டும்தான் போகும், ஒலி போகாது. 30எக்ஸில் லைன் அவுட்டும் உண்டு, யுஎஸ்பியிலேயே ஒலியும் போகும். விலைதான் இடிக்கிறது.

லேப்டாப்பும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸும் (ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும், வெளியே எடுக்கும் பெட்டி) கையில் இருக்கின்றன. எஃப்பி-10 வாங்கி, மிடியை மட்டும் பதிவு செய்துகொண்டு, ஒலியைப் பியானோ மென்பொருளிலிருந்து எடுத்தால் போதுமா? தவறான ஸ்வரத்தை அப்புறம் திருத்தலாம் என்பதால் எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது. ஆனால் வாசிக்கும்போது ஒலி தாமதமாக வருமோ என்ற பயம் இருக்கிறது. பஃபரை (லேப்டாப் ஒரு தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலியின் அளவு) 128 சாம்பிளில் வைத்து வாசிப்பவர்களுக்கு அந்தத் தாமதம் விரலில் தெரிகிறதா?

செகண்ட் ஹேண்டிலும் பார்க்கிறேன். கட்டைகளில் எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.